ஒரு நாளைக்கு மூன்று ஓட்டச் சீட்டு

இரண்டாம் வகுப்பு வாத்தியாரை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் 'சார்'. ஆசிரியர் அறையில் அவர் 'கண்டக்டர்'. வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனிதர். அந்த வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும், கரும்பலகை முன்னால் நிற்கும்போது அவர் இடது தோள் சாய்வதற்குத் தானாக ஒரு கம்பியைத் தேடும். கம்பி கிடைக்காமல் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஜன்னல் பக்கம் சரிந்து விழப் பார்ப்பார்.

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும், "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தான இருக்கு" என்பார். வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளையிடம், "படியில நிக்காத" என்பார். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. இரண்டு விரலை நீட்டி, இரண்டிரண்டாகத் தலையை எண்ணிக்கொண்டே கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்து, "இருபத்தொம்போது. ரைட்!" என்று கரும்பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்கப்புறம்தான் பாடம் கிளம்பும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவர் யார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பத்து இருபதுக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். இவர் யோசிக்கவே இல்லை. சட்டைப் பையில் கிடந்த பழைய விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். பள்ளி விட்டாச்சு என்று மொத்தப் பள்ளிக்கூடமும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேரை மறுநாள்தான் பிடிக்க முடிந்தது. தலைமையாசிரியை கையை நீட்டி விசிலை வாங்கி, டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அந்த வேலைக்கு வந்து சேர அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. கடைசி ஸ்டாப்பில் வண்டி நிற்கிற இருபது நிமிஷத்தில் டிரைவர் ஸ்டியரிங் மேல் தலைவைத்துத் தூங்குவார். இவர் பின்சீட்டில் உட்கார்ந்து தபால்வழிப் பாடத்தைப் படிப்பார். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் நாலு ஸ்டாப்புக்கு ஒரு பக்கம் என்று கணக்கு. ஒருமுறை குழந்தை உளவியல் புத்தகத்தில் மூழ்கிப்போய், இறங்க வேண்டிய மூன்று பேரைக் கோட்டைவிட்டு, தனக்கும் குழந்தை உளவியலுக்கும் சேர்த்து அவர்களிடம் வசவு வாங்கினார். இப்படியே பட்டமும் வாங்கி, அப்புறம் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். அந்த வீட்டில் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை. பட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்று அவர் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் எழுதலையேப்பா?"

"பின்னாடி ஒண்ணும் இருக்காதுப்பா."

"இத்தனை வருஷம் படிச்சதுக்கு ஒரு பக்கம்தானா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு பக்கத்தைத் தெருவில் பதினாறு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். பதினேழாவது வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வீட்டு ஜன்னல் முன்னால் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

இந்தக் கதை நடந்த வருஷம் கண்டக்டரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் போக்கில் சொல்லித்தருவது எப்படி, சின்னக் குழந்தைகள் தங்களைத் தாங்களே கட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பழகுவது எப்படி என்பதுதான் விஷயம். முதல் இரண்டு நாள் அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. மேடையில் இருந்த அம்மையார் திரையில் ஏணி காட்டினார், பூ காட்டினார், வானவில் காட்டினார். கண்டக்டர் எல்லாவற்றையும் விடாமல் குறித்துக்கொண்டார். சாயங்காலம் வீட்டில் நோட்டைத் திறந்தால், 'ஏணி. பூ. வானவில். டீ நல்லா இருந்தது' என்று மட்டும் இருந்தது.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து இவர் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "இதுல விளங்காம போக என்னங்க இருக்கு?" என்றாள். "எங்க கடைக்கு வர்ற அத்தனை பேருக்கும் ஒரே பவர்ல கண்ணாடி மாட்டிவிட்டா என்ன ஆகும்? பாதிப் பேர் சுவத்துல முட்டுவாங்க, மீதிப் பேர் வந்து எங்களை முட்டுவாங்க."

கண்டக்டர் கையில் எடுத்த ஒரு வாய்ச் சோற்றோடு எழுந்து நின்றுவிட்டார். "பஸ்ஸு!"

"எந்த பஸ்ஸு?"

"ஒரே பஸ்ஸுல அறுபது பேர் ஏறுறாங்க. எல்லாரும் ஒரே ஸ்டாப்லயா இறங்குறாங்க?"

"இல்லை. உக்காந்து சாப்பிடுங்க."

"யார் எங்க ஏறினான், எங்க இறங்கணும்னு கண்டக்டருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். கீழே சிந்துது பாருங்க."

"அதைத்தான் அந்தம்மா ரெண்டு நாளா வானவில்லைக் காட்டிச் சொல்லிட்டு இருக்காங்க! நேரா பஸ்ஸுன்னு சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்!"

அடுத்த வாரம் இரண்டாம் வகுப்புச் சுவரில் இருபத்தொன்பது ரூட் முளைத்தது. பிள்ளைக்கு ஒரு கோடு, கோட்டில் ஸ்டாப்புகள், ஸ்டாப்புக்கு ஒரு வேலை அட்டை. ஒருவனுக்கு முதல் ஸ்டாப் எழுத்துக்கூட்டிப் படிப்பது. இன்னொருத்திக்கு முதல் ஸ்டாப்பே கதைப் புத்தகம். எதற்கெடுத்தாலும் அழுவதால் 'குழாய்' என்று பெயர் வாங்கிய பையனுக்கு முதல் ஸ்டாப், 'அழாமல் பென்சில் கேட்பது'. அவன் அந்த ஸ்டாப்பைத் தாண்ட ஒன்பது நாள் ஆயிற்று. தாண்டிய சந்தோஷத்தில் அழுததைக் கண்டக்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வாய் மூடாத 'ரேடியோ'வுக்குப் படிப்பெல்லாம் கடகடவென்று ஓடியது. அவள் ரூட்டில் ஒரே ஒரு கஷ்டமான ஸ்டாப்தான் இருந்தது: 'அடுத்தவள் பதிலை அடுத்தவள் சொல்லும் வரை காத்திருப்பது'.

முதல் வாரம் ஒரே களேபரம். "சார், என் ஸ்டாப் வந்துடுச்சா?" "சார், இவன் என் ரூட்டுல உக்காந்திருக்கான்!" "சார், நான் திரும்பிப் போற வண்டி!" பக்கத்து வகுப்பு டீச்சர் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், அங்க பாடம் நடக்குதா, பஸ் ஸ்டாண்டு நடக்குதா?" என்றார்.

"ரெண்டும்தான் டீச்சர். ஏதாவது ஏத்தி அனுப்பணுமா?"

மூன்றாம் வாரம் சத்தம் அடங்கிப்போய், அட்டை புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்டக்டர் வரிசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, அவரவர் மேஜையில் குனிந்து அவரவர் கணக்கைப் பார்த்தார். பதினோரு வருஷம் கூட்டத்தில் நகர்ந்த உடம்பு. ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூடத் தட்டிவிடாது.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் எந்த ரூட்டும் ஒத்துவரவில்லை.

அவளை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வயசு. முட்டியில் ஒரு புண் ஆறுவதற்குள் இன்னொன்று புதுசாக இருக்கும். உட்கார்ந்தால் ஆறு நிமிஷம். ஏழாவது நிமிஷம் கால் ஆடும். எட்டாவது நிமிஷம் பெஞ்சு ஆடும். ஒன்பதாவது நிமிஷம் பெஞ்சு காலியாக இருக்கும். கோபம் கிடையாது, அழுகை கிடையாது, படிப்பு வராமலும் இல்லை. உடம்பு எழுந்து ஓடும், அவளும் கூடவே போவாள், அவ்வளவுதான். முதல் தடவை எதிர்ச்சாரிச் சலவைக் கடையில், இஸ்திரி போட்ட போர்வை அடுக்கின் உச்சியில் கிடைத்தாள். இரண்டாம் தடவை முடிவெட்டுகிற கடையில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணா, இன்னும் ஒரு சுத்து" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை பெரிய ரோட்டுக்கே போய்விட்டாள். ஒரு லாரி டிரைவர் கிறீச்சென்று பிரேக் அடித்து வண்டியை நிறுத்தி, அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்டக்டரை அவர் பத்து நிமிஷம் திட்டினார். திட்டி முடித்ததும் கண்டக்டர் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆனால் அந்த பிரேக் சத்தம் அவர் அறை வரை கேட்டிருந்தது.

"சார், இனிமே என்னால முடியாது. பெரிய ஸ்கூல்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு தனி ரூம் இருக்கு, சுத்திச் சுவர் இருக்கு. டி.சி. கொடுத்து அங்க அனுப்பிடலாம்."

எக்ஸ்பிரஸின் அம்மா ஹோட்டல் சமையலறையில் காய் நறுக்குகிறவள். கூப்பிட்டுச் சொன்னதும், ஈரக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து, துடைக்க ஈரம் இல்லாமல் போன பிறகும் துடைத்தாள்.

"பெரிய ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும் சார். அவளை விட்டுட்டு நான் வேலைக்குப் போய்ச் சேர பத்தரை ஆயிடும். பத்தரைக்குப் போனா எனக்கு முன்னாடி வேற ஒருத்தி நறுக்கிட்டு இருப்பா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவ ரெண்டு பஸ்ஸுல உக்காருவாளா சார்?" என்றாள். கண்டக்டருக்கு அந்தக் காட்சி கண்முன்னே வந்து, பழைய சகாக்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

அவர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். "மேடம், எனக்கு ஒரு மாசம் கொடுங்க. ஓடுற வண்டியில இருந்து குதிக்காதேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான் மேடம். அடுத்த ஸ்டாப்ல நிறுத்துறேன், அங்க இறங்கிக்கோன்னு சொன்னா நிப்பான். அவளுக்கு ஒரு ஸ்டாப் வேணும்."

"ஓடாம இருக்கப் பழக்குறதுக்கு ஓட விடப் போறீங்க?"

"கேட்டைப் பூட்டிட்டு, கொடிக்கம்பம் வரைக்கும் மட்டும். சீட்டு கொடுத்து."

தலைமையாசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மாதக் கடைசியில் கல்வி அதிகாரி வருகிறார். அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவள் ஓடக் கூடாது. ஓடினால் அன்றைக்கே டி.சி. அதை எழுத்திலும் போட்டார். ஒரு பிள்ளையைக் குறிவைத்து எழுதுவது முறையில்லை என்று, 'கல்வி அதிகாரி வகுப்பில் இருக்கும் நேரத்தில் வகுப்பை விட்டு ஓடும் எந்த மாணவருக்கும் அன்றே டி.சி. வழங்கப்படும்' என்று பொதுவாக அடித்து, முத்திரை குத்தி, இரண்டாம் வகுப்புக் கதவில் ஒட்டவைத்தார்.

சீட்டு அடிப்பது கண்டக்டருக்குக் கைவந்த கலை. காலண்டர் அட்டையை வெட்டி, 'ஓட்டம் — கொடிக்கம்பம் வரை — போக வர' என்று எழுதினார். ஒரு நாளைக்கு மூன்று. வேண்டும்போது காட்டலாம், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். நுனியைக் கிழித்துக் கொடுப்பார், போய்விட்டு வரலாம். சீட்டு இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. "எப்ப எடுக்கணும்னு நீதான் பாத்துக்கணும். தீந்துபோனா நாளைக்குத்தான்."

முதல் நாள் ஒன்பது பத்துக்கு ஒன்று, ஒன்பது பதினைந்துக்கு ஒன்று, ஒன்பது பதினெட்டுக்கு ஒன்று. அதற்கப்புறம் நாலு மணி வரைக்கும் இருவருக்கும் நரகம். இரண்டாம் நாள் பதினொன்று வரை ஒன்றைக் காப்பாற்றினாள். இரண்டாம் வாரம், கணக்குப் பாடத்துக்கு என்று ஒரு சீட்டைக் கைக்குள் பொத்திவைத்து, எடுக்கலாமா வேண்டாமா என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்ததிலேயே பதினைந்து நிமிஷம் ஓடிப்போய், கணக்கும் முடிந்துவிட்டது. கண்டக்டருக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

"சார், இது மிச்சம்" என்று நாலு மணிக்கு அந்தச் சீட்டை நீட்டினாள்.

"வச்சுக்கோம்மா. உன்னுதுதான்" என்றார் அவர், உருகிப்போய்.

பதினோரு வருஷத்தில் தேதி இல்லாத டிக்கெட் ஒன்றைக்கூடக் கிழித்துக் கொடுக்காத மனிதர். செல்லாத டிக்கெட்டைப் பத்தடி தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கிறவர். அவர் அடித்த ஓட்டச் சீட்டு ஒன்றிலும் தேதி இல்லை. அது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. அன்றிலிருந்து எக்ஸ்பிரஸின் பென்சில் டப்பா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்க ஆரம்பித்தது.

மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கும் சீட்டு என்று கொடி பிடித்தார்கள். கண்டக்டர் அவரவருக்குத் தக்கபடி அடித்தார். குழாய்க்கு அழுகைச் சீட்டு, நாளுக்கு இரண்டு, முழுசாக மூன்று நிமிஷம். ரேடியோவுக்குப் பேச்சுச் சீட்டு. ஆனால் எல்லோர் கண்ணும் ஓட்டச் சீட்டு மேலேயே இருந்தது. அழுகையை யார் சீட்டு கொடுத்து வாங்குவார்கள்? குழாயே இரண்டாம் நாள், "சார், சீட்டைப் பாத்தா அழுகை வர மாட்டேங்குது" என்று புகார் சொன்னான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் கண்டக்டர் எக்ஸ்பிரஸைத் தனியாகக் கூப்பிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு பெரிய சார் வருவார். அவர் உள்ளே இருக்கிற வரைக்கும் ஓடக் கூடாது. சரியா?"

"சீட்டு இருந்தா?"

"சீட்டு இருந்தாலும்."

அவள் ஒரு காலை மட்டும் ஆட்டிக்கொண்டே யோசித்தாள். "சீட்டு இருந்தா ஓடிடுவேனே சார்" என்றாள், வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பற்றி வருத்தப்படுகிற மாதிரி.

கண்டக்டர் அவள் தலையைத் தடவிக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி இரண்டு தடவை, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

மறுநாள் அதிகாரி பத்து மணிக்கு வந்தார். உயரமான மனிதர், வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க எல்லா வாசலிலும் குனிந்து குனிந்து, குனிய வேண்டாத இடத்திலும் குனிகிறவர். பின்னால் தலைமையாசிரியை வந்து வாசல் ஓரமாக நின்றார். அதிகாரி சுவரில் இருந்த ரூட்டையெல்லாம் பார்த்தார். இரண்டு மூன்று அட்டையைப் புரட்டினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லது. இப்ப எல்லாரும் ஒரே கணக்கைப் போடலாம். நான் போர்டில எழுதுறேன். சரியா பத்து நிமிஷம்" என்றார்.

இருபத்தொன்பது பேருக்கும் ஒரே கணக்கு. இரண்டு மாதமாக அந்த அறையில் நடக்காத காரியம். கண்டக்டரின் கண் எக்ஸ்பிரஸ் பக்கம் போகப் பார்த்தது. பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தார்.

அதிகாரி மூன்றாவது எண்ணை எழுதிக்கொண்டிருக்கும்போது குழாய் எழுந்தான். உதடு துடித்தது. ஆனால் அழவில்லை. நேராக வந்து கண்டக்டர் முன்னால் நின்று, ஒரு சீட்டை நீட்டினான்.

"ஓட்டச் சீட்டு சார்."

சீட்டு அவர் கையால் எழுதியது. 'கொடிக்கம்பம் வரை — போக வர.' நுனி கிழியாதது. தேதி இல்லாதது. செல்லும் டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கிறவனை இறக்கிவிட அவருக்குத் தெரியாது. மூளை வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே விரல் போய் நுனியைக் கிழித்துவிட்டது. குழாய் தலைமையாசிரியையைத் தாண்டிப் பறந்தான்.

அவன் பின்னால் ரேடியோ நின்றாள். "ஓட்டச் சீட்டு சார்." கிழித்தார். அவள் பின்னால் இன்னொருவன். அவன் பின்னால் இரண்டு பேர். "தள்ளாத, வரிசையில வா" என்று கண்டக்டர் வாய் தானாகச் சொன்னது. வரிசை கடைசி பெஞ்சு வரை நீண்டது. தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. அவ்வளவு ஒழுங்கான வரிசையை அவர் பதினோரு வருஷத்தில் எந்த பஸ் ஸ்டாண்டிலும் கண்டதில்லை. "ஓட்டச் சீட்டு சார்." கிழி. "ஓட்டச் சீட்டு சார்." கிழி. தலைமையாசிரியை வாசலில் கையை விரித்துப் பார்த்தார். பிள்ளைகள் கைக்குக் கீழே குனிந்து போனார்கள். அதிகாரி சாக்பீஸை நீட்டிய கையோடு திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிச் சீட்டையும் கிழித்து முடித்ததும் அறை அமைதியாகிவிட்டது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. அவளும் இந்தக் கூட்டத்தில் போயிருப்பாள். சாயங்காலம் அந்த அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். மூன்றாவது வரிசையில் எக்ஸ்பிரஸ் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்திருந்தாள். பெஞ்சு ஆடிய ஆட்டத்தில் மேஜை மேல் டப்பா குதித்துக் குதித்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. முகம் சிவந்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி மெல்ல அவளிடம் போய்க் குனிந்தார். "நீ போகலையா?"

"சீட்டு இல்ல சார்."

"எல்லாருக்கும் இருந்துச்சே?"

"என்னுதுதான் சார் எல்லாம். சேத்து வச்சிருந்தேன். கையில இருந்தா ஓடிடுவேன்ல, அதான் காலையில ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டேன்." சும்மா கொடுக்கவில்லை என்பதும் தெரியட்டும் என்று டப்பாவைத் திறந்து காட்டினாள். பாதி ரப்பர், பேனா மூடி, பல் இல்லாத சீப்பு, ஒரு பொத்தான். "ஒண்ணு மட்டும் மிஞ்சிடுச்சு. அதைத் தின்னுட்டேன்."

அவள் தின்ற சீட்டு அதிகாரிக்கு ஜீரணமாகவில்லை. "அவ்வளவு ஓடணும்னு இருந்தா, சீட்டு இல்லாமலே ஓடியிருக்கலாமே?"

எக்ஸ்பிரஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டிக்கெட் இல்லாமலா?" என்றாள்.

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். வெளியே இருபத்தெட்டு பேரும் கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டு, போக வர என்று எழுதியபடியே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க உள்ளே நுழைந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து, சொல்லாமலே பென்சிலை எடுத்தார்கள். குழாய் போர்டில் இருந்த கணக்கைப் பார்த்தான். மறுபடியும் உதடு துடித்தது. அப்புறம் முதல் எண்ணை நோட்டில் எழுதினான். கண்டக்டர் இரண்டு விரலை நீட்டித் தலையை எண்ணினார். இருபத்தொன்பது. கரும்பலகையில் இரண்டு தட்டு தட்டினார்.

அதிகாரி வெளியே போகும்போது கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். குனிந்து, வாய்விட்டுப் படித்தார். "வகுப்பை விட்டு ஓடும் எந்த மாணவருக்கும் அன்றே டி.சி." நிமிர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தார். "அப்ப இருபத்தெட்டு டி.சி. எழுதணும் மேடம். இந்தப் பொண்ணு ஒருத்தி மட்டும் இங்க படிக்கலாம். அவ்வளவு படிவம் இருக்கா உங்ககிட்ட?"

தலைமையாசிரியை நாலு மூலையிலும் நகத்தைக் கொடுத்துத் தாளை உரித்தார். நாலாவது மூலை வரவில்லை. கண்டக்டர் போய்க் கிழித்துக் கொடுத்தார். அதில் அவருக்குப் பழக்கம் அதிகம்.

"அவ இங்கயே இருக்கட்டும் சார்" என்றார் தலைமையாசிரியை, தாளைக் கசக்கிக்கொண்டே. "ஆனா நாளையில இருந்து அந்தச் சீட்டுல தேதி போடுங்க, தயவுசெஞ்சு."

தேதி! கண்டக்டருக்குப் பதினோரு வருஷச் சர்வீஸும் கண்முன்னால் ஒரு தடவை வந்து, காறித் துப்பிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நாலு மணிக்கு எக்ஸ்பிரஸின் அம்மா ஹோட்டலில் இருந்து அரை ஓட்டமாக வந்து கேட்டில் நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. "சார், இன்னைக்கு ஓடினாளா?"

"இல்லம்மா. வகுப்பே ஓடுச்சு. இவ மட்டும்தான் உக்காந்திருந்தா. டி.சி. எல்லாம் கிடையாது, இங்கயே படிக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

அந்த அம்மா அவர் சொன்னதில் முதல் பாதியோடு நின்றுவிட்டாள். பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே... உக்காந்திருந்தாளா? வயிறு வலிக்குதாடி?"

"இல்லம்மா. சீட்டைத்தான் தின்னேன்."

"எதைத் தின்ன?"

கண்டக்டர் விளக்கம் சொல்வதற்காக வாயைத் திறந்தார். எக்ஸ்பிரஸுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. காலையிலிருந்து அடக்கிவைத்த ஓட்டம் முழுசும் காலில் இருந்தது. அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அம்மாவும் பையுமாக இருவரும் சலவைக் கடையைத் தாண்டி, முடிவெட்டும் கடையைத் தாண்டி, தெருமுனை வரை ஓடினார்கள். "ஏய், நில்லுடி, செருப்புடி, செருப்பு!" என்று கத்திக்கொண்டே ஓடிய அந்த அம்மா, பெரிய ரோடு வந்ததும், தன்னாலே நின்றுவிட்ட பிள்ளையைப் பார்த்து அதைவிடப் பெரிய சத்தமாகக் கத்தினாள்:

"நின்னுட்டியா! உனக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுச்சுடி!"